பழைய உழவு இயந்திரத்தின் சுக்கான் இறுகினால்

பவர் ஸ்டியரிங் பொருத்திய பழைய உழவு இயந்திரமொன்றின் சுக்கான் திருப்புவதற்கு இறுக்கமாகிவிட்டால், உடையவர்கள் பெரும்பாலும் எண்ணெய்ப் பம்பியின்மீதே குற்றஞ் சாட்டுகின்றனர். பம்பியோ விலை மிகுந்த உறுப்பு. அதனைக் கழற்றுவதற்குமுன் பார்க்கவேண்டிய இடங்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஒரு காசும் செலவின்றிக் கமக்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

திம்புள்ள, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் உழவு இயந்திரம் உழுவதைக் காட்டிலும் சுமப்பதே அதிகம். மாட்டெருவும் சுண்ணாம்பும் தோட்டத்திற்கு ஏறுகின்றன. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு மூடைகள் பெருந்தெருவிற்கு இறங்குகின்றன. வழியெங்கும் வளைவுகள், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சமதரையிற் பொறுத்துக்கொள்ளத்தக்க பழுது இங்கே பொறுக்கத்தக்கதன்று. வலப்பனை, ஹங்குரன்கெத்த வயல்களிற் சேற்றில் இறங்கும் இயந்திரங்களுக்கும் கீழே சொல்பவை பொருந்தும்.

பவர் ஸ்டியரிங் வேலை செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்ளல் நன்று. எஞ்சினாற் சுழலும் பம்பி, தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி அழுத்தத்துடன் அனுப்புகின்றது. சுக்கானைத் திருப்பும்போது ஒரு வால்வு திறந்து, அவ்வெண்ணெயைச் சிலிண்டரின் ஒரு பக்கத்திற்குச் செலுத்துகின்றது. சிலிண்டரினுள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து முன்சில்லுகளைத் திருப்புகின்றது. மோட்டார் வாகனங்களில் இவ்வசதியை 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனமே முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. நம்மவர் நன்கறிந்த மாசி பெர்குசன் 135 வகையில் இது எல்லா இயந்திரங்களுக்கும் உரியதன்று. வேண்டியவர் கேட்டுப் பெற்ற மேலதிக உறுப்பாகவே இருந்தது. ஆகவே உமது இயந்திரத்தில் அது உண்டா என்பதை முதலிற் பார்த்துக்கொள்க. இல்லாத பம்பியைத் தேடுவோரும் உளர்.

இவ்வமைப்பு இரு வகைப்படும். ஒன்றில், சுக்கானுக்கும் சில்லுகளுக்கும் இடையே இரும்புத் தண்டுகளின் தொடர்பு முழுமையாக உண்டு. எண்ணெய் துணைக்கு நிற்கின்றது. மற்றதில் அத்தொடர்பே இல்லை. சுக்கானின் கட்டளையைச் சில்லுக்குக் கொண்டுசெல்வது எண்ணெய் மாத்திரமே. எஞ்சின் நின்றுவிட்டால் இரு வகையிலும் சுக்கான் மிகவும் பாரமாகும். இரண்டாம் வகையில் குழாய் வெடித்து எண்ணெய் கொட்டிவிட்டாலோ, சுக்கான் சுற்றும், சில்லு திரும்பாது. ஆகவே இறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிச் செல்லுதல் ஒருபோதும் கூடாது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஒரு லீற்றர் டீசலின் அருமையை எல்லோரும் கண்டோம். எனினும் இறக்கத்தில் மிச்சமாவது சிறிதளவே. பெட்டி நிறையச் சுமையுடன் வளைவுக்கு வரும்போது சாரதியின் கையில் இருப்பதோ வெறுஞ் சுக்கான். ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் கியரில் வைத்தே ஓட்டுக.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். சமமான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடும் இயல்புடையது. ஆகையால் அச்சிற்கும் உடலுக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்புகளை இறுக்கிய பின்னரே ஜாக் வைத்து உயர்த்தவேண்டும். உயர்த்தியபின் அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை வைக்கவும். ஜாக்கை மாத்திரம் நம்பிக் கீழே கை நீட்டவேண்டாம். பின்பு எஞ்சினை நிறுத்திய நிலையில், சிலிண்டரின் தண்டையும் இணைப்புத் தண்டுகளையும் சில்லின் கையிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு சில்லையும் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்க்கவும். சில்லு இலகுவாகத் திரும்பினால் குற்றம் எண்ணெயின் பக்கத்திலோ சுக்கான் பெட்டியிலோ உள்ளது. கையாலும் இறுக்கமாகவே திரும்பினால் குற்றம் இரும்பின் பக்கத்தில் உள்ளது. எத்தனை பம்பி மாற்றினும் அது தீராது.

திம்புள்ளப் பகுதியில் யான் பார்த்த ஓர் இயந்திரத்திற்கு இரு முறை பம்பி மாற்றப்பட்டிருந்தது. சோதித்துப் பார்த்தபோது, வலப்புறக் கிங் பின் துருப்பிடித்து அதன் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் வாயின்மேல் சேறு காய்ந்து இறுகியிருந்தமையால், அடித்த கிரீஸ் உள்ளே செல்லவேயில்லை. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை, சேற்றில் வேலை முடிந்த அன்றே முன் அச்சைக் கழுவி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை அடிக்கவும். முன் டயர்களின் காற்றையும் மறக்கலாகாது. காற்றுக் குறைந்த டயர் எவ்வளவு நல்ல பம்பியையும் தோற்கடிக்கும். உமது இயந்திரத்தின் கைந்நூல் கூறும் இறாத்தல் அளவையே பின்பற்றுக.

இரும்பின் பக்கம் சரியாயின் எண்ணெயைப் பார்க்கவேண்டும். முதலில் அளவு. அடுத்து நிறம்: பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்துள்ளது. நுரையுடன் பம்பி முனகுமாயின், தொட்டியிலிருந்து பம்பிக்கு வரும் உறிஞ்சு குழாயின் பூட்டுக்களை இறுக்கி, எண்ணெயை நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சுக்கானை இரு கோடிக்கும் பலமுறை திருப்பினாற் காற்று வெளியேறும். குறைந்த எண்ணெயை ஈடுசெய்யப் பிரேக் எண்ணெயை ஊற்றுவோர் உளர். அது உள்ளிருக்கும் இறப்பர்ச் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். பம்பி பெல்ட்டினால் ஓடுவதாயின் அதன் தளர்ச்சியையும், வடி இருப்பின் அதன் அடைப்பையும் பார்க்கவும்.

சுக்கான் எப்பொழுது இறுகுகின்றது என்பதைக் கவனித்தால் நோய் பாதி விளங்கிவிடும். நுவரெலியாவின் தை மாதக் குளிரிற் காலையில் மாத்திரம் இறுகிச் சற்று நேரத்தில் இளகினால், எண்ணெய் தடிப்பானது, வேறு பழுதில்லை. அதற்கு மாறாகக் காலையில் நன்றாயிருந்து, சூடேறியபின் இறுகினால் பம்பி தேய்ந்திருக்கலாம். சூட்டில் நீர்த்த எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளால் உள்ளேயே நழுவிவிடுகின்றது. பம்பியைச் சந்தேகிக்கத் தகுந்த காரணம் இதுவே. ஒரு பக்கம் மாத்திரம் இறுகுவதாயின் வால்வையோ சிலிண்டரையோ பார்க்கவேண்டும்; இரு பக்கத்திற்கும் எண்ணெய் அனுப்பும் பம்பி ஒரு பக்கத்தை மாத்திரம் புறக்கணிப்பதில்லை. சுக்கானை ஆட்டியும் சில்லு உடனே அசையாதிருப்பின் இணைப்பு முனைகள் தேய்ந்துள்ளன.

சுக்கான் மிகவும் இலகுவாயிருத்தலும் நன்றன்று. பெட்டியில் அளவுக்கு மிஞ்சிய சுமையுடன் மேடேறும்போது முன்சில்லுகள் மண்ணை விட்டு எழும்பப் பார்க்கும். திருப்பினும் இயந்திரம் நேரே செல்லும். இது ஸ்டியரிங்கின் பழுதன்று. சுமையைக் குறைத்தல் வேண்டும். அல்லது முன்பாரங்களைப் பொருத்துதல் வேண்டும்.

அழுத்தக் குழாயில் எண்ணெய் கசிகின்றதா என்பதை விரலால் தடவிப் பார்க்கவேண்டாம். ஊசித் துவாரத்தால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே தெரிவது சிறு புள்ளியாயினும் சில மணி நேரத்திற்குள் தசை அழுகத் தொடங்கலாம். விரலையே இழக்க நேரும். காகித அட்டையொன்றைக் குழாயருகே பிடித்தால் அதிற் கறை தோன்றும். கையில் எண்ணெய் பாய்ந்துவிட்டால், வலி இல்லையென்று வீட்டில் இராது, அப்பொழுதே வைத்தியசாலைக்குச் சென்று, நிகழ்ந்ததை வைத்தியரிடம் விளக்கமாகச் சொல்லவும்.

சுக்கானைக் கோடிவரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்திருத்தல், நின்ற நிலையிற் சில்லுகளை மண்ணில் அரைத்துத் திருப்புதல் ஆகிய இரண்டும் எண்ணெயைச் சூடாக்கிப் பம்பியின் ஆயுளைக் குறைக்கும். இயந்திரம் சற்றே நகரும்போது திருப்புக.

எண்ணெய் மாற்றும்போது கழித்த எண்ணெயை மூடியுள்ள தகரத்திற் சேர்த்துக் கராஜிற்குக் கொடுக்கவும். தலவாக்கலைச் சரிவுகளின் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் சேர்கின்றன. அவ்வோடை நீரையே கீழுள்ள மரக்கறிப் பாத்திகளுக்கும் இறைக்கின்றனர்.