வலையொலியா, வலையொளியா? ஓர் எழுத்தில் மாறும் பொருள்

கைப்பேசியில் கதை, நேர்காணல், செய்தி அலசல் எனக் கேட்கும் 'பாட்காஸ்ட்' நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் 'வலையொலி' என்ற சொல் வழக்கில் உள்ளது. ஆனால், சில அறிவிப்புகளில் அது 'வலையொளி' என்று மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

'பாட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதினார். ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' கருவியின் பெயரும் 'பிராட்காஸ்ட்' என்ற சொல்லும் இணைந்து உருவானது அது. 'பிராட்காஸ்ட்' என்பதற்கு வயலில் விதையைக் கையால் வீசித் தூவுதல் என்பதே பழைய பொருள். வானொலி வந்தபின் அது ஒலிபரப்பைக் குறித்தது. 2022இல் ஐபாட் விற்பனையை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. கருவி போனாலும் அதன் பெயர் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'வலையொலி' எந்தக் கருவியையும் நம்பி நிற்கவில்லை. வான் வழி வரும் ஒலி வானொலி. இணைய வலை வழி வரும் ஒலி வலையொலி. வலை, ஒலி என்ற இரு சொற்களுக்கு இடையே 'ய்' உடம்படுமெய்யாக வந்துள்ளது.

வானொலி நிகழ்ச்சியை அது ஒலியேறும் நேரத்தில் கேட்க வேண்டும். வலையொலியோ பதிவு செய்து இணையத்தில் வைக்கப்படுவது. வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் கேட்கலாம். இரவில் படுக்கும் முன்பும் கேட்கலாம். நடக்கும்போதே இணையத்தில் காட்டப்படுவதை 'நேரலை' என்கிறோம். அதை வலையொலி என்பது பொருந்தாது.

இனி, அந்த ஓர் எழுத்து. 'ஒலி' என்பது ஓசை. 'ஒளி' என்பது வெளிச்சம். எனவே, கேட்பது வலையொலி. யூடியூப் போன்ற தளங்களில் பார்ப்பது வலையொளி. ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற சொற்களுக்கும் இதே வேறுபாடுதான். சிங்கப்பூர் வானொலியான 'ஒலி 96.8' பெயரையும் 'காணொளி' என்ற சொல்லையும் நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

எழுத்தில் மட்டுமல்ல, உச்சரிப்பிலும் கவனம் தேவை. லகரத்துக்கு நாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நாக்கு மடங்கி மேல்வாயை வருடும். காதால் மட்டுமே கேட்கப்படும் வலையொலியில், இந்த வேறுபாட்டைக் காப்பது பேசுபவரின் நாக்குதான்.