வாதாடி வெல்ல வேண்டுமா?



அரசியல் பேச்சு எடுத்தால் மனக்கசப்பு வருகிறதென்று பல வேளை வாய்மூடி இருந்து விடுகிறோம். அல்லது வாதாடிப் பகைத்துக் கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதை நான் என் மனைவியிடம்தான் படித்தேன்.

2020 ஏப்ரல் 11இல், கொரோனாவால் இறப்போரின் உடலை எரிப்பது கட்டாயமென வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நமது ஜனாஸாக்களும் எரிக்கப்பட்டன. மஹய்யாவயில் எங்கள் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி, "புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்றார். அடக்கம் செய்யவும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருப்பதைக் காட்டி நான் வாதாடினேன். அவர் முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் பேச்சே இல்லை.

பிறகு என் மனைவி வட்டிலப்பத்துடன் போனார். சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அக்கா, உங்கள் அம்மா காலமானபோது கடைசியாக என்னவெல்லாம் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவர் தாயாருக்கு வெள்ளைச் சேலை உடுத்தியதையும், ஏழாம் நாள் தானம் கொடுத்ததையும் சொல்லி அழுதார். பின்னர் அவராகவே, "உங்கள் முறை எப்படி?" என்றார். தன் உம்மாவைத் தன் கையாலேயே குளிப்பாட்டிக் கபனிட்டதை மனைவி சொன்னார். சில நாட்களில், எரிப்பதுதான் சரியென்ற தன் மகனிடம் நமக்காகப் பேசியவர் அந்த அம்மாதான்.

அடக்கத்துக்கு 2021 பெப்ரவரி 25இல் அனுமதி கிடைத்தது. பலர் பல வழிகளில் பாடுபட்டதன் பலன் அது. மதிலோரப் பேச்சால் சட்டம் மாறியதென்று நான் கூற வரவில்லை. ஓர் உள்ளம் மாறியது.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. வீடு வீடாகச் சென்று வாதங்களை மட்டும் சொன்னபோது பலனில்லை. குற்றங்காணாமல் கேட்டு, அனுபவங்களைப் பரிமாறியபோது மாற்றம் ஏற்பட்டது. சிறிய மாற்றம்தான், ஆனால் நான்கு மாதங்களாவது நிலைத்தது.

பிர்அவ்னிடம் சென்ற மூஸா நபிக்கே மென்மையாகப் பேசும்படிதான் கட்டளை வந்தது. நம் அயலவர் பிர்அவ்னை விட மோசமானவரா?

எனவே சகோதரிகளே, அடுத்த தேர்தலில் மச்சானோ மாமியோ வேறு கட்சிக்காகப் பேசினால், "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இடைமறிக்காதீர்கள். பிறகு உங்கள் வாழ்வில் நடந்ததைச் சொல்லுங்கள். அன்றே இணங்க வேண்டுமென்று நெருக்காதீர்கள். மறுநாளும் அந்த வாசல் உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.