பனிநாட்டுப் பாதணியும் கொழும்பு மழையும்

காலத்துக்கேற்ற கோலம் என்பது உடுக்கும் உடைக்கு மாத்திரம் சொல்லப்பட்ட வார்த்தை அன்று. மோட்டார் வண்டியின் காலுக்கும் அது பொருந்தும். இலட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டிக் கார் வாங்குகிறோம். அதன் நிறத்தைப் பார்க்கிறோம். இருக்கைகளைத் தடவிப் பார்க்கிறோம். இயந்திரத்தின் உறுமலைக் காது கொடுத்துக் கேட்கிறோம். ஆனால், அந்த வண்டி முழுவதும் தரையைத் தொட்டு நிற்பது ஏறக்குறைய நான்கு உள்ளங்கை அளவுள்ள இடத்தில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

வெள்ளவத்தையில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடியும் திறந்துவிடப்பட்டதல்லவா? அதன் பின்னர் அவ்வீட்டு மூத்த பிள்ளை, ஜப்பானில் சிறிது காலம் ஓடிய வேகக் கார் ஒன்றை ஆசையோடு வாங்கினார். வண்டியோடு வந்த டயர்களைக் கண்டு வீட்டார் யாவருக்கும் மகிழ்ச்சி. ஆழமான தவாளிப்புகள், தேய்மானம் என்பதே இல்லை, இறப்பர் கையில் மெத்தென்று இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா தொலைபேசியில் அவற்றின் படத்தைப் பார்த்துவிட்டு, “அட, இது பனிக்காலத்து டயர் அல்லவா! இதற்கு இங்கே எவ்வளவு விலை தெரியுமா? கழற்றிவிடாதே” என்று புத்தி சொன்னார். பனியிலேயே வழுக்காத டயர் மழையில் வழுக்குமா என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமான கணக்காகவே தோன்றுகிறது. ஆனால் அது தவறான கணக்கு.

அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, காலி வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாதசாரிகள் கடவையில் குடையோடு ஒரு மூதாட்டி இறங்கினார். நம் இளைஞர் பெரிய வேகத்தில் வரவில்லை. உரிய நேரத்தில் பிரேக்கையும் மிதித்தார். கால் அடியில் பிரேக் துடித்தது. வண்டியோ நிற்காமல் வழுகிச் சென்று, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மூதாட்டியின் சேலைத் தலைப்புக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அன்றிரவு அப்பிள்ளை சாப்பிடவில்லை என்று தாயார் நம்மிடம் சொன்னார்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். வெள்ளவத்தையில் டயர் கடை இல்லாமல் இல்லை. ஆனால் நமக்குத் தகப்பனார் காலத்திலிருந்தே பழக்கமான ஒரு பெரியவர் அங்கே டயர் வேலை செய்கிறார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குந்தியிருந்து டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். ‘ஸ்டட்லெஸ்’ என்று பொறித்திருந்த சொல்லை விரலால் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, “தம்பி, உமது டயர் நல்ல டயர்தான். உமது ஊர்தான் அதற்குப் பொருந்தாத ஊர்” என்றார்.

இந்த ‘ஸ்டட்லெஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜப்பானின் வட பகுதிகளில் முற்காலத்தில் பனிக்காலம் வந்தால் உலோக ஆணி பதித்த டயர்களைப் போட்டு ஓட்டினார்கள். பனியற்ற வீதியில் அந்த ஆணிகள் தாரைச் சுரண்டி எழுப்பிய தூசி, மக்கள் மூச்சு விடுவதற்கே இடையூறாயிற்று. ஆகவே 1990ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அவற்றைத் தடுத்தார்கள். ஆணியில்லாமலே பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும் டயர்களை அந்நாட்டுத் தொழிற்சாலைகள் மேன்மேலும் திருத்திச் செய்தன. அத்தகைய டயர்களோடு அங்கே ஓடிய கார்கள் சில, அவற்றுடனேயே நம் துறைமுகத்திலும் வந்து இறங்கிவிடுகின்றன.

சாதாரண டயரின் இறப்பர் குளிரில் விறைத்துப் போகும். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பனிக்கால டயரைப் போடவேண்டும் என்பது மேனாட்டார் கைக்கொள்ளும் பொது விதி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அது சட்டப்படியே கட்டாயம். குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாதிருக்கும் பொருட்டு இந்த டயர்களில் இயற்கை இறப்பரையும் சிலிக்காவையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பிறேசில் நாட்டு வித்துகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்தில் நாட்டப்பட்டன. நம் மண்ணில் வேரூன்றிய அந்த மரத்தின் பால் பனிநாட்டாருக்குக் காப்பாக இருக்கிறது. அதே பால் பனிநாட்டு வடிவம் எடுத்துத் திரும்பி வரும்போது நமக்கு ஆகாமற் போகிறது!

ஏன் ஆகாது? பெரியவர் ஓர் உவமையால் விளக்கினார். தும்புத் தடியால் தரையை அழுத்தித் தேய்க்கலாம். மயிர்த் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் அது வளைந்து கொடுத்துவிடும். பனிக்கால டயரின் முகத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கின்றன. பனிக்கட்டியின் மேல் படர்ந்திருக்கும் மிக மெல்லிய நீர்ப்படலத்தை ஒற்றி எடுத்துப் பற்றிக்கொள்வதற்கே அவை உள்ளன. பகலில் 30 பாகையை ஒட்டிக் காயும் கொழும்பில், ஏற்கெனவே மெதுவான அந்த இறப்பர் மேலும் இளகுகிறது. பிரேக்கை மிதித்தால் வெட்டுண்ட துண்டுகள் தூரிகை மயிர் போல் வளைகின்றன. வண்டி நிற்பதற்கு அதிக தூரம் செல்கிறது. தேய்மானமும் விரைவு.

நம் நகரத்தின் எதிரி பனியன்று, பெருவெள்ளம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இடிமுழக்கத்தோடு மாலை மழை. சிறிது நேரத்தில் வீதி ஆறாகிறது. அந்த நீரை அகன்ற தவாளிப்புகளின் வழியே வாரி வெளியேற்றும் டயரே நமக்கு வேண்டும். வெளியேற்ற முடியாதபோது டயர் நீரின் மேலே ஏறி மிதக்கிறது. அப்போது சுக்கானும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவையே. 1960களில் அமெரிக்காவின் நாசா நிலையத்தார் விமானச் சக்கரங்களை வைத்து இதனை ஆராய்ந்து, டயரிலுள்ள காற்றழுத்தம் குறையக் குறைய, மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும் என்று கண்டார்கள். அவர்கள் தந்த சூத்திரப்படி, சதுர அங்குலத்துக்கு 33 இறாத்தல் அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 95 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கலாம். 20 இறாத்தலே இருந்தால் 75 கிலோமீற்றரிலேயே மிதக்கலாம். தவாளிப்புத் தேய்ந்த டயருக்கும் ஆழமான நீருக்கும் இக்கணக்கு மிகவும் பொருந்தும். சின்னம்மாவை அழைத்துவரக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகவிருந்த நம் இளைஞர், இதனைக் கேட்டதும் மௌனமானார். அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 100 கிலோமீற்றர் அல்லவா?

“அப்படியானால் ஐயா, பந்தயக் கார்களுக்குப் போடும் டயரையே வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மககஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்த இளைஞர் எவருக்கும் இந்த ஆசை வருவது இயல்பே. பெரியவர் தலையை அசைத்தார். காய்ந்த பாதையில் ஒட்டிக்கொண்டு ஓடுவதற்கான அந்த டயரில் தவாளிப்பு மிகக் குறைவு; மழைநீர் போக வழியில்லை. அழகுக்காக டயரை அளவுக்கு மீறி அகலமாக்கினாலும் அதே கேடுதான்; அகன்ற டயர் நீரின் மேல் எளிதில் ஏறும். ஒன்று குளிரின் அந்தம், மற்றொன்று பந்தயத்தின் அந்தம். கொழும்புக்கு ஏற்றது இரண்டுக்கும் இடைப்பட்டது: மழையில் நன்றாகப் பிடிக்கும் சாதாரண கோடைக்கால டயர்.

டயர் வாங்கச் செல்லும் வாசகர்களின் பொருட்டு, பெரியவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம். பக்கவாட்டில் 205/55 ஆர் 16 91 வி என்று இருந்தால், அகலம் 205 மில்லிமீற்றர். உயரம் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. உள்வளையம் 16 அங்குலம். ஒரு டயர் தாங்கும் பாரம் 615 கிலோகிராம். தாங்கும் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர். வண்டிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் கண்ட அளவுக்கு இவை பொருந்த வேண்டும். நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயது முதிர்ந்த இறப்பர் கடினமாகிவிடும். ஐரோப்பியச் சீட்டு ஒட்டிய டயராயின், மழைமேகச் சின்னத்துக்கு நேரே ‘ஏ’ அல்லது ‘பி’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தவாளிப்பின் அடியிலுள்ள சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றரைக் குறிப்பவை. முகம் அவற்றோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கு முன்பே, 3 மில்லிமீற்றரளவில், மழைக்கால மக்களாகிய நாம் மாற்றிவிடுவது நன்று. இரண்டு மாத்திரம் வாங்கினால் புதியவற்றைப் பின்னே போடுங்கள். மழையில் வண்டியின் பின்புறம் சுழன்று விடாமல் காப்பது அதுவே.

இளைஞர் நான்கு டயர்களையும் அன்றே மாற்றினார். கழற்றிய டயர்கள் புதியவை போலவே இருந்தன. அங்கே நின்ற ஒரு வேன் சாரதி, “ஐயா, அவற்றை எனக்குத் தாருங்கள், காசு தருகிறேன்” என்று கேட்டார். கொடுத்திருந்தால் நம் இளைஞருடைய செலவில் ஒரு பகுதி தீர்ந்திருக்கும். அவர் சற்று நேரம் யோசித்தார். முந்திய மாலை கண்ட குடை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். “இல்லை அண்ணை, உங்கள் வேனிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தானே போகிறார்கள்” என்று மறுத்துவிட்டார்.

பெரியவர் அந்த நான்கையும் ஓரமாக உருட்டி வைத்தார். “முகத்துவாரத்துப் படகுக்காரர் வந்தால் கொடுத்துவிடுகிறேன். படகு கரையில் இடிக்காமலிருக்க மெத்தையாகத் தொங்கட்டும். அந்த வேலைக்கு வெயிலும் ஒன்று, மழையும் ஒன்று” என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட வேளையில், உங்கள் வண்டியண்டை சற்றுக் குந்தியிருந்து அதன் கால்களைப் பாருங்கள். அந்த நான்கு உள்ளங்கை இடத்தை நம்பி நம் வீட்டாரும் போகிறார்கள். கடவையில் குடையோடு நிற்கும் பிறர் வீட்டாரும் நிற்கிறார்கள்.