ஆலோசகரின் கடமையும் தொழில்முனைவோரின் விழிப்பும்

வங்கிக் கிளைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தொழில் தொடங்க விரும்பும் ஒருவர், நேர்த்தியாக அச்சிட்ட திட்ட அறிக்கையுடன் கடன் பிரிவு அதிகாரியின் முன் அமர்கிறார். அறிக்கையைப் புரட்டிய அதிகாரி, "முதலாண்டிலேயே இயந்திரம் எண்பது விழுக்காடு திறனில் இயங்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவ்வளவு சரக்கையும் வாங்கப்போகிறவர்கள் யார்?" என்று வினவுகிறார். வந்தவர் சற்றே தயங்கி, "அதெல்லாம் ஆலோசகர் போட்ட கணக்கு ஐயா, அவரைத்தான் கேட்க வேண்டும்" என்கிறார்.

கடன் வாங்கப்போகிறவர் அவர். வட்டி செலுத்தப்போகிறவரும் அவரே. பிணையாக வைக்கப்படுவது அவருடைய குடும்பத்தின் வீடு. கணக்கு மட்டும் வேறொருவருடையது. அறிக்கை எழுதியவரின் பணி பெரும்பாலும் கடன் வழங்கப்படும் நாளோடு முடிந்துவிடுகிறது; கடனாளியின் பொறுப்போ அதன்பின் பல்லாண்டுகள் நீடிக்கிறது. ஆதலால், தொழில் ஆலோசகர்களுக்குரிய ஒழுக்க நெறிகள் எவை என்பதை அவர்களை நாடுவோரும் அறிந்திருத்தல் நலம்.

ஆலோசகர் என்பவர் யார்?

நம் நாட்டில் "தொழில் ஆலோசகர்" என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவையில்லை. ஆயினும், ஆலோசனை வழங்குவோருள் சில பிரிவினர் சட்டத்தின் கட்டுக்குள் இருப்பவர்கள். ஆடிட்டர் என்று வழக்கில் நாம் குறிப்பிடும் பட்டயக் கணக்காளர்கள் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், அடக்கவிலைக் கணக்காளர்கள் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், நிறுவனச் செயலர்கள் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் வருகின்றனர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் சட்டப்படி அமைந்த கழகம் உண்டு. உறுப்பினர் பதிவேடும் ஒழுங்கு நடவடிக்கை முறையும் உண்டு. முதலீட்டு ஆலோசகர்கள் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மேலாண்மை, சந்தைப்படுத்தல், உற்பத்தி முறை ஆகியவற்றில் ஆலோசனை கூறுவோருக்கு இத்தகைய தனிச் சட்டம் இல்லை. இந்திய மேலாண்மை ஆலோசகர்கள் கழகம் தன் உறுப்பினர்களுக்கென நடத்தை நெறிகளை வகுத்துள்ளது. மேலாண்மை ஆலோசனைப் பணிக்கு வழிகாட்டும் ஐ.எஸ்.ஓ. 20700 என்னும் பன்னாட்டுத் தரநெறி 2017இல் வெளிவந்தது. இவை இரண்டும் தாமாக முன்வந்து ஏற்பவர்களையே கட்டுப்படுத்தும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. கழக உறுப்பினர் ஒருவர் நெறி தவறினால் முறையிடுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. மற்றவரிடத்தில் நமக்குரிய முதன்மையான பாதுகாப்பு, பணியைத் தொடங்குமுன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே.

யாருடைய நலன்?

ஆலோசகருக்குரிய நெறிகள் பலவாயினும், அவற்றின் வேர் ஒன்றே: தம்மை நாடி வந்தவரின் நலனைத் தம் நலனுக்கு முன்பாக வைத்தல். இதற்கு இடையூறாக அமைவதையே நலன் முரண்பாடு என்கிறோம்.

ஆலோசகர் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தை வாங்குமாறு பரிந்துரைக்கிறார். அந்த இயந்திரத்தை விற்பவரிடமிருந்து அவருக்குத் தரகு கிடைக்கிறது. இயந்திரம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், தரகு பெறும் செய்தி மறைக்கப்பட்டால், பரிந்துரையை எடைபோடத் தேவையான ஒரு செய்தி வாங்குபவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. ஆகவே, தமக்கு வேறெங்கிருந்தேனும் ஆதாயம் வருமாயின் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது ஆலோசகரின் கடமை.

சில இடங்களில், தெரிவித்தால் மட்டும் போதாது என்று சட்டமே கருதுகிறது. நிறுவனங்கள் சட்டம், 2013இன் 144ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதே நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுதல், முதலீட்டு ஆலோசனை, மேலாண்மைப் பணி முதலியவற்றை மேற்கொள்ளலாகாது என்கிறது. தாமே எழுதிய கணக்கைத் தாமே சரிபார்ப்பதில் நடுவுநிலைமை இராது என்பதே இதன் அடிப்படை.

கட்டணம் எங்கே இழுக்கிறது?

கட்டணம் வாங்குவது குற்றமன்று; உழைப்புக்கு ஊதியம் உரியதே. ஆனால், கட்டணம் கணக்கிடப்படும் முறை ஆலோசனையின் போக்கையே மாற்றிவிடக்கூடும்.

ஒருவர் பேக்கரி தொடங்க விரும்புகிறார்; உண்மையில் அவருக்கு 18 லட்சம் ரூபாய்க் கடன் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகரின் கட்டணம் கடன் தொகையில் 3 விழுக்காடு. கடன் 18 லட்சமாக இருந்தால் அவருக்குக் கிடைப்பது 54,000 ரூபாய். 25 லட்சமாக உயர்ந்தால் 75,000 ரூபாய். ஆலோசகர் கூடுதலாகப் பெறுவது 21,000 ரூபாய். கடன் பெற்றவரோ, தேவையற்ற 7 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டாலும், முதலாண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 ரூபாய் வட்டி செலுத்த நேரும். அசலையும் திருப்பியாக வேண்டும். "கூடுதலாகவே கேட்டு வைப்போம்" என்ற அறிவுரை யாருக்கு நன்மை பயக்கிறது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

முடிவைப் பொறுத்தோ இலாபத்தின் பங்காகவோ கட்டணம் பெறுவதைப் பட்டயக் கணக்காளர் சட்டம் பொதுவாகத் தொழில் ஒழுங்கீனமாகக் கருதுகிறது. நிதி திரட்டித் தரும் பணி உள்ளிட்ட சிலவற்றுக்கு விதிகள் விலக்களித்துள்ளன. எனவே, விழுக்காட்டுக் கட்டணம் கேட்டார் என்பதனாலேயே ஒருவரைக் குறைகூற இயலாது. ஆனால், அறிக்கை தயாரிக்க இவ்வளவு எனக் குறிப்பிட்ட தொகையைப் பேசிக்கொள்வது இருவருக்கும் தெளிவானது. கடனைப் பெரிதாக்கும் தூண்டுதலும் அதில் இல்லை.

வருங்கால வருவாய்க்கு யார் பொறுப்பு?

திட்ட அறிக்கையில் வரும் ஐந்தாண்டு விற்பனையும் இலாபமும் மதிப்பீடுகளே. மதிப்பீட்டின் துல்லியத்துக்குத் தாமே உறுதி அளிப்பதுபோல் தோன்றும் வகையில் தம் பெயரைப் பயன்படுத்த ஒரு பட்டயக் கணக்காளர் இடமளித்தால், அதுவும் சட்டப்படி ஒழுங்கீனமே. அவர் மதிப்பீட்டைத் தயாரிக்கலாம். எந்த ஆதாரத்திலிருந்து, எந்த அனுமானங்களின் பேரில் தயாரித்தார் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

ஆகவே, "ஆடிட்டர் கையொப்பமிட்டிருக்கிறார்; இலாபம் வந்துவிடும்" என்று நம்புவது பிழை. அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியது இலாபப் பக்கத்தையன்று, அனுமானங்களின் பக்கத்தையே. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விற்கும், மாவும் சர்க்கரையும் என்ன விலை, எத்தனை பேருக்குச் சம்பளம், கடைக்காரர்கள் எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்பவற்றுக்கு அங்கே விடை இருக்க வேண்டும். அவ்விடைகள் நம் ஊர்ச் சந்தைக்குப் பொருந்துமா என்பதை ஆலோசகரைவிட நாமே நன்கறிவோம்.

நம்பி அளித்த செய்தி

பணியின் பொருட்டு அறிந்த செய்திகளை, உரியவரின் இசைவோ சட்டத்தின் கட்டளையோ இன்றிப் பிறருக்கு வெளியிடலாகாது என்பது மற்றொரு முதன்மையான நெறி. நம் விற்பனை விவரத்தைப் போட்டியாளரிடம் கூறுவது மட்டும் இதில் அடங்குவதன்று. நாம் அளித்த ஆதார், பான் நகல்களை வேறொரு விண்ணப்பத்துக்குப் பயன்படுத்துவதும் நெறிமீறலே.

இங்கு நம் பக்கமும் ஒரு தவறு நிகழ்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கின் கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம் அடங்கிய டோக்கன் ஆகியவற்றை ஆலோசகரின் மேசையிலேயே பலர் விட்டுவிடுகின்றனர். பதிவுசெய்த கைப்பேசி எண்கூடச் சிலருக்கு ஆலோசகருடையதாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குக் கைக் கையொப்பத்துக்கு நிகரான ஏற்பை அளிக்கிறது. அதைப் பிறர் கையில் விட்டுவைப்பது, கையொப்பமிட்ட வெற்றுத்தாளைக் கொடுத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

"மேலே கொடுக்க வேண்டும்"

கடன் விரைவாகக் கிடைக்க "மேலே ஏதேனும் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று எவரேனும் கூறினால், அவர் ஆலோசகர் அல்லர், இடைத்தரகர். பொதுத்துறை வங்கி அலுவலர் சட்டப்படி பொது ஊழியர். ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின், கையூட்டுக் கொடுப்பதும் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். கட்டாயத்தின்பேரில் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாள்களுக்குள் காவல்துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்தால் சட்டம் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவற்றுக்குப் பணம் கேட்பதும் நேர்மையன்று. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் பெறுவதில்லை. முத்ரா கடன் பெற்றுத்தர முகவர் எவரையும் முத்ரா நிறுவனம் நியமிக்கவில்லை. படிவம் நிரப்பித் தரும் உதவிக்கு ஒருவர் ஊதியம் கேட்கலாம். அதை அரசுக் கட்டணம் என்று கூறிப் பெறலாகாது.

பணியை ஒப்படைக்குமுன்

1. ஆலோசகரின் தகுதியையும் உறுப்பினர் எண்ணையும் கேட்டறிந்து, உரிய கழகத்தின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. பணி எது, எந்நாளுக்குள் முடியும், கட்டணம் எவ்வளவு, கடன் கிடைக்காவிடில் என்ன செய்வது என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

3. இயந்திர விற்பனையாளரிடமிருந்தோ பிறரிடமிருந்தோ தரகு பெறுகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். நேர்மையான ஆலோசகர் இக்கேள்வியால் வருந்தமாட்டார்.

4. பட்டயக் கணக்காளர் அளிக்கும் சான்றிதழ்களில் 18 எழுத்தும் எண்ணும் கொண்ட யுடின் என்னும் தனி அடையாள எண் இருத்தல் வேண்டும். 2019 பிப்ரவரி முதல் இது கட்டாயம். கழகத்தின் யுடின் இணையதளத்தில் எவரும் அதைச் சரிபார்க்கலாம். போலிச் சான்றிதழ்களை இனங்காண இது எளிய வழி.

5. அறிக்கையை முழுவதும் படித்து, புரியாத ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் கேட்டபின்னரே கையொப்பமிடுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம்.

6. பணி முடிந்ததும் மூல ஆவணங்களைத் திரும்பப் பெற்றுக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் பகிர வேண்டாம்.

கழக உறுப்பினர் நெறி தவறியதாகக் கருதினால், ஆதாரங்களுடன் அக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு எழுதலாம். குற்றம் உறுதியானால், கண்டனம் முதல் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நம் பங்கு

நெறி என்பது ஆலோசகருக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்தின் விலைப்புள்ளியை உயர்த்திக் காட்டினால் சொந்த முதலீடு போடாமலே கடன் பெறலாம் என்று சில வேளைகளில் ஆலோசகர் கூறுவதுண்டு. சில வேளைகளில் நாமே அவரை அவ்வாறு வேண்டுவதுமுண்டு. உண்மை வெளிப்படும்போது, விண்ணப்பத்தில் இருப்பது நம் கையொப்பம். கடன் திரும்பக் கோரப்படலாம். குற்ற வழக்கும் தொடரலாம். "ஆலோசகர் சொன்னார்" என்பது அப்போது விடையாகாது.

"உங்கள் முதலீட்டுக்கு இந்தக் கடன் அதிகம்", "இவ்வூரில் ஏற்கெனவே நான்கு பேக்கரிகள் உள்ளன, ஓராண்டு பொறுங்கள்" என்று இடித்துரைக்கும் ஆலோசகர் சில நேரங்களில் தம் கட்டணத்தையே இழக்கிறார். அத்தகையவரிடம் மனம் வருந்தி வேறொருவரைத் தேடிச் செல்லாதீர்கள். அவர் தடுத்து நிறுத்திய ஒரு கடன், உங்கள் வீட்டைக் காத்திருக்கக்கூடும். கடன் விண்ணப்பம், அதற்கான ஆவணங்கள் பற்றிய ஐயம் எதுவாயினும், இடையில் எவரும் இன்றி நேரடியாக உங்கள் கிளையை அணுகுங்கள். அவ்விளக்கத்துக்குக் கட்டணம் கிடையாது.