கறை படாத விளையாட்டும் கண்ணில் படாத மணியும்

தொட்டும் தட்டியும் தடவியும் பழகும் சென்சரி ப்ளே வேண்டும், ஆனால் வீடு பாழாகக் கூடாது. எட்டு மாதக் குழந்தையோடு இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருக்கும் தாய் கேட்பது இவ்வளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா மதியத்துக்கு மேல் வரமாட்டார், தண்ணீர் லாரி நினைத்தபோது வரும், வெள்ளை டைல்ஸ் இடுக்கில் மஞ்சள் ஏறிவிட்டால் காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். கைகால் முழுக்க அப்பிக்கொண்டு விளையாடினால்தான் வளர்ச்சி என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கலாம். துடைக்கப் போவது அவர்கள் இல்லை.

எதை வைத்து விளையாடுவது என்பதைவிட எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குளிப்பாட்டுவதற்கு முந்தைய கால் மணி நேரம்போல் வசதியானது வேறில்லை. உட்காரத் தெரிந்த குழந்தையைக் குளியலறைத் தரையில் துண்டு விரித்து உட்கார வைத்து, உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். தன் தொடையைத் தானே தடவும், விரலை விரலோடு வழுக்கவிட்டுப் பார்க்கும், சட்டென்று உங்கள் முகத்திலும் பூசும். அடுத்தது குளியல், அத்தோடு எல்லாக் கறையும் போயிற்று. எண்ணெய் பூசிய பிள்ளை கையிலிருந்து நழுவும் என்பதால்தான் தரையில் உட்கார வைக்கச் சொல்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி.

எண்ணெயும் தண்ணீரும் வேண்டாத நாளுக்கு ஒரு முறம் போதும். அதில் மரக்கரண்டி, எவர்சில்வர் டபரா, பனையோலை விசிறி, துவைத்த இட்லித் துணி, பழைய பட்டுப் புடவைத் துண்டு (ஜரிகை இல்லாதது) என ஐந்தாறு பொருள். டபரா குளிரும், மரம் குளிராது, ஒன்றால் மற்றொன்றைத் தட்டினால் வீடே அதிரும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் மதியத்தில் டபராவை எடுத்து ஒளித்துவிடுங்கள். வாழைப்பூ மடலும் தொட்டுப் பார்க்க அருமையான பொருள்தான், ஆனால் அதன் பால் பட்ட சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். கொடுப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். இந்த வயதில் நாக்கும் ஒரு கை. அதனால் கழுவக்கூடியதாக, சாயம் போகாததாக, சில்லு பெயராததாக இருக்க வேண்டும்.

ஈரமாக விளையாட ஆசையா? ஆறின ராகிக் கூழில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கலந்து ஜிப் கவரில் அடைத்து, நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிடுங்கள். குழந்தை மேலே தட்டித் தட்டி நிறம் ஓடுவதைப் பார்க்கும். கவர் பிய்ந்தாலும் உள்ளே இருப்பது சாப்பாடு. கவரைத் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள், முகத்தில் ஒட்டினால் மூச்சு முட்டும். தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீரும் ஒரு டம்ளரும் இருந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. கீழே பழைய பெட்ஷீட், முடிந்ததும் தண்ணீர் துளசிக்கு. அந்த இரண்டு விரற்கடையிலும் குழந்தை மூழ்கும். காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறங்கள்.

இனி வருவதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கறையே படாத விளையாட்டு என்று தேடினால் கண்ணைப் பறிக்கும் வீடியோக்களில் முதலில் வருவது வண்ண வண்ண ஜெல்லி பால்ஸ். வாட்டர் பீட்ஸ் என்றும் சொல்வார்கள். பூச்சாடி அலங்காரத்துக்கு வந்த பொருள், மலிவான பாக்கெட்டில் கடுகு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஊதும். பெரிய ரகம் எலுமிச்சை அளவுக்கும் போகும். ஒட்டாது, சாயம் விடாது, தரையில் உருண்டால் பொறுக்கிப் போட்டுவிடலாம். சுத்தம் பார்க்கும் அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கடுகு அளவில் விழுங்கப்பட்ட மணி வயிற்றுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்கிறது. குடலில் உள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதி, வழியை அடைத்துக்கொள்கிறது. அறுவை சிகிச்சை வரை போன குழந்தைகள் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜூலையில் பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்குள்ள பெரிய கடைகள் சில, குழந்தைகளுக்கு என்று இதை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. நம் ஊரில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அலங்காரப் பொருளாக வீட்டுக்குள் வரும் பாக்கெட்டில் அந்த முத்திரையை யார் தேடுகிறார்கள்?

ஏழெட்டு மாதத்துக்கு மேல்தான் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பொடிப் பொருளைப் பொறுக்கப் பழகும். சோபாவுக்கு அடியில் உருண்டோடிய மணி ஒரு வாரத்தில் காய்ந்து மறுபடி கடுகாகிவிடும். பெருக்கும்போது நமக்குத் தெரியாது, தவழும் குழந்தைக்குத் தெரியும். மூத்த பிள்ளைக்கு வாங்கியதை இளையது விழுங்குவது இப்படித்தான். நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்ற சமாதானம் ஊறிய மணிக்குச் செல்லலாம், காய்ந்த மணிக்குச் செல்லாது. சப்ஜா விதையையும் ஊறவைக்காமல் அருகில் வைக்காதீர்கள்.

அளவு பார்க்க ஒரு வழி உண்டு. ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள குழலுக்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது என்பது பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் வழங்கும் கணக்கு. பத்து ரூபாய் நாணயம் 2.7 செ.மீ. அதைவிடச் சற்றே பெரியதும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான், மூடி, புடவைக் கல், ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

ஜெல்லி மணி வீட்டில் இருந்து, குழந்தை திடீரென்று வாந்தி எடுத்தால், பால் மறுத்தால், வயிறு உப்பினால் காலைவரை காத்திருக்க வேண்டாம். இந்த மணி எக்ஸ்ரேயில் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். மீதியிருக்கும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.