மீனின் கல்லீரலும் சினைப்பருவமும்

குட்டைகளிலும் சேற்று நிலங்களிலும் வாழும் தேளி மீன் மழைக்காலத்தில் முட்டையிடுவது. வட இந்தியாவில் பிப்ரவரி முதல் அதன் சினைப்பை மெல்ல வளரத் தொடங்கி, மே, ஜூன் மாதங்களில் மஞ்சட்கரு நிரம்பிய முட்டைகளால் வயிறு பருத்து விடுகிறது. ஆனால் அம் மஞ்சட்கருவின் மூலப்பொருள் உருவாவது சினைப்பையில் அன்று, கல்லீரலிலேயாம்.

பகற்பொழுது நீள்வதும் நீர் வெப்பமடைவதும் மூளையின் வழியே பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகின்றன. அதன் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சினைப்பையை அடைகிறது. வளரும் முட்டையைச் சூழ்ந்த செல்லடுக்குகளில் வெளியடுக்கு டெஸ்டோஸ்டிரோனை ஆக்க, உள்ளடுக்கு அதனை எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது. ஆண்மைக்குரியதெனக் கருதப்படும் ஹார்மோனே பெண்மைக்குரியதன் மூலப்பொருளாதல் மாணவர்க்கு வியப்பளிக்கும். ஆசிரியர் இதனை விட்டுவிடலாகாது.

எஸ்ட்ராடையால் கல்லீரற் செல்லினுள் தன்னை ஏற்கும் புரதத்துடன் இணைந்து, வைட்டெல்லோஜெனின் என்னும் மூலப்புரதத்தை ஆக்கும் ஜீனை இயக்குகிறது. இது வெறும் புரதமன்று. இதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாகும், அதிலும் பாஸ்போலிப்பிடே மிகுதி. ஆகவே கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள கொழுப்பையும், தசையினின்றும் குடலைச் சூழ்ந்த கொழுப்பினின்றும் இரத்தம் கொணரும் கொழுப்பமிலங்களையும் இப்புரதத்தோடு இணைத்துச் சினைப்பைக்கு அனுப்புகிறது. முட்டை முதிருங்கால் கல்லீரல் பருப்பதும் இரத்தத்தில் கொழுப்பு மிகுவதும் இதனாலேயே. பருத்த கல்லீரலைக் கண்டவுடன் நோயென்று குறித்துவிடுதல் பொருந்தாது. மீன் ஆணா பெண்ணா என்பதும், சினையின் நிலையும், மாதமும் முதலில் பதிவேட்டில் ஏறவேண்டும். தாய்மீன்களுக்கு நல்லுணவு அளிப்பதும் வயிறு பருத்தபின் தொடங்கினால் காலந்தாழ்ந்ததேயாம். சேமிப்புக் குன்றிய மீன் முட்டைகளைக் குறைத்துக்கொள்ளும், வளர்ந்தவற்றையும் உடலுக்குள்ளேயே உறிஞ்சிவிடும்.

ஆண்மீனின் கல்லீரலிலும் அதே ஜீன் உண்டு. போதிய எஸ்ட்ராடையால் இன்மையால் அது உறங்கிக் கிடக்கிறது. 1994-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்று நீரில் கூண்டுகளில் வைக்கப்பட்ட ஆண் டிரௌட் மீன்களின் இரத்தத்தில் வைட்டெல்லோஜெனின் பெருகியிருந்தது. அதனை ஏற்க முட்டைகள் இன்மையால் அது தேங்கி, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கவல்லது. கனடாவின் ஒன்டேரியோ மாநிலத்தில் 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில் கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை எஸ்ட்ரோஜன், லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் இருக்குமாறு கலக்கப்பட்டது. அங்கிருந்த ஒரு சிறுமீனினம் அழிவின் விளிம்பை எட்டியது. ஹார்மோன் கலப்பது நின்று சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அது மீண்டும் பெருகிற்று.