சதுரங்கப்பட்டினப் போரும் போர்க்கப்பல் பெயர்களும்

கப்பல் மூழ்கினாலும், உடைத்துப் பழைய மரமாகவும் இரும்பாகவும் விற்கப்பட்டாலும், அதன் பெயரை ஐரோப்பியக் கடற்படைகள் எளிதில் கைவிடுவதில்லை. சில ஆண்டுகளிலோ சில தலைமுறைகள் கழித்தோ அதே பெயர் புதிய கப்பலுக்குச் சூட்டப்படும். இந்த மரபு எப்படி இயங்குகிறது என்பதற்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினக் கடலில் நடந்த ஒரு போரே நல்ல சான்று.

1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் 9 கப்பல்களும் அங்கே மோதின. சுஃப்ரேன் ஏறியிருந்த 74 பீரங்கிக் கப்பலின் பெயர் 'எரோ'. ஆங்கிலேய வரிசையிலும் 'ஹீரோ' என்றொரு கப்பல் இருந்தது. வீரத்தைக் குறிக்கும் சொற்களும் கிரேக்க, ரோமானியப் பெயர்களும் இரு தரப்புக்கும் பொதுச் சொத்தாக இருந்த காலம் அது. பணம் கொடுத்தவர்களை வைத்தும் பெயர் அமைந்தது. பிரெஞ்சு அணியிலிருந்த 'ஆர்த்தேசியன்', 'ஃபிளமான்' ஆகிய கப்பல்கள், ஆர்த்துவா, ஃபிளாண்டர்ஸ் மாகாணங்கள் அளித்த நன்கொடையில் கட்டப்பட்டவை.

பிடிபட்ட கப்பல்கள் பெரும்பாலும் பழைய பெயருடனே புதிய கொடியின் கீழ் ஓடின. ஹியூஸின் 'மொனார்க்கா' 1780இல் ஸ்பெயினிடமிருந்து பறிக்கப்பட்டது. போருக்குச் சில வாரங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் 'ஹானிபல்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தனர். ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே 'அனிபால்' என்ற பெரிய கப்பல் இருந்தது. ஒரே கடற்படையில் ஒரே பெயருடைய இரு கப்பல்கள் இருந்தால் கட்டளைகள் குழம்பும். எனவே பிடிபட்டது 'பெத்தி அனிபால்', அதாவது சின்ன அனிபால் ஆனது.

பெயரோடு புகழும் கைமாற வேண்டும் என்பது பிரிட்டிஷ் மரபு. ஒரு கப்பல் ஈட்டிய போர் விருதுகள், அதே பெயரில் பின்னால் வரும் கப்பல்களுக்கும் உரியவை. சதுரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் 'சட்ராஸ்' என்று எழுதினர். அன்று ஆங்கிலேய வரிசையின் கடைசியில் நின்று கடுமையாகச் சேதமடைந்த 'எக்ஸிட்டர்' வழியாக, 'சட்ராஸ் 1782' என்ற விருது அப்பெயருக்குச் சேர்ந்தது. 1942இல் ஜாவா கடலில் ஜப்பானியர் மூழ்கடித்த குரூஸர் கப்பலும், 1982இல் ஃபாக்லாந்து போருக்குச் சென்ற ஏவுகணைக் கப்பலும் அதே பெயர் தாங்கியவை.

பிரான்ஸோ தளபதியின் பெயரையே கப்பல்களுக்கு வைத்தது. 1829இல் கடலில் இறக்கப்பட்ட 90 பீரங்கிப் பாய்க்கப்பல் 'சுஃப்ரேன்' ஆனது. 1899இல் இறக்கப்பட்ட இன்னொரு 'சுஃப்ரேன்' 1916இல் லிஸ்பனுக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பெயர் மட்டும் 1927இல் ஒரு குரூஸருக்கும், 1965இல் ஓர் ஏவுகணைக் கப்பலுக்கும், 2019இல் அணுசக்தி நீர்மூழ்கிக்கும் வந்தது.

ஜெர்மனி இன்னும் வேகம் காட்டியது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய 'எம்டன்' அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது. 1916இலேயே அடுத்த 'எம்டன்' பணிக்கு வந்தது. உயிர் பிழைத்த மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது.

இந்தியக் கடற்படையும் இந்த மரபைத் தொடர்கிறது. 1961 முதல் 1997 வரை பணியாற்றிய 'விக்ராந்த்' விமானந்தாங்கியின் பெயர், 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்க்கப்பட்ட புதிய கப்பலுக்குச் சூட்டப்பட்டது. பக்கவாட்டில் எழுதப்படும் ஆர்11 என்ற அடையாள எண்ணும் பழைய கப்பலுடையதுதான்.